மாலையைக் கழற்றிய மறுநாள்



கொஞ்சம் நீளமான பதிவு. "சார் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டார்" என்று தள்ளிவிடாமல் கடைசி வரை வாசியுங்கள். முப்பத்தைந்து வருடம் உங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். ஒரு கணக்கை மட்டும் நானே தப்பாகப் போட்டிருந்தேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

போன தை மாதம் என் பழைய மாணவன் ஒருவன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். 1994இல் பத்தாம் வகுப்பு முடித்தவன். இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பேசிக்கொண்டே இருந்தவன், "ஒரு நிமிஷம் சார்" என்று வாசலுக்குப் போனான். காபியை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். என்னைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். 47 வயது, நாளைக்கு மாமனார் ஆகப்போகிறவன், பத்தாம் வகுப்புப் பையன் மாதிரி நின்றான்.

"எத்தனை தடவ விட்டுட்டேன் சார். வருஷா வருஷம் மாலை போடும்போது ஒரு மண்டலம் தொடவே மாட்டேன். கழற்றின மறுநாளே கை தானாப் போகுது. எனக்கு மன உறுதி பத்தல சார்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்தியது. ஏனென்றால் அது அவனுடைய வார்த்தையே இல்லை. என்னைப் போன்றவர்கள் சொல்லிச் சொல்லி அவன் வாயில் ஏற்றியது.

உறவினர்களுக்கு என் தம்பியைத் தெரியும். பஸ் கண்டக்டராக இருந்தவன். இருபது வயதில் தொடங்கிய சிகரெட். 2011இல், 58 வயதில், நுரையீரல் புற்றுநோயில் போனான். இதை எழுதலாமா என்று அவன் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவனும் வருடந்தோறும் மாலை போட்டவன்தான். அந்த நாட்களில் ஒரு சிகரெட் கிடையாது, இருமல் கூடக் குறைந்துவிடும். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் அதே பஸ் ஸ்டாண்டு, அதே டீக்கடை, டிரிப் முடிந்ததும் அதே கூட்டாளிகள். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். 1993 என்று நினைவு, அவனுக்கு நாற்பது வயது. அவன் வீட்டுத் திண்ணையில், அவன் மனைவி பிள்ளைகள் முன்னால் வைத்து, "ஒரு விரல் நீளக் குச்சிகிட்ட தோத்துப்போறவன் நீ" என்று திட்டினேன். அவன் கோபப்படவில்லை. "விடணும்னுதான் நெனைக்கேன் அண்ணே. எப்படின்னு சொல்லு" என்றான். "மனசு வச்சா போதும்" என்றேன்.

அவன் கேட்டது 'எப்படி' என்று. நான் சொன்னது அதற்கான விடையே இல்லை. உங்கள் பரீட்சைத் தாளில் இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புகைப்பவருக்கு இல்லாதது மன உறுதி என்று நாம் நினைப்பது தவறு. அவருக்கு இல்லாதது ஏற்பாடு. ஒரு மண்டலம் விரதம் இருக்கிறவருக்கா உறுதி இல்லை? ரமலான் மாதம் முழுக்கப் பகலில் தண்ணீர் கூடக் குடிக்காமல் சிகரெட்டைத் தொடாமல் இருக்கிறாரே, அவருக்கா உறுதி இல்லை? தவக்காலத்தில் நாற்பது நாள் விட்டுவிட்டு ஈஸ்டர் முடிந்ததும் தொடங்குகிற நண்பர்களும் எனக்கு உண்டு. இவர்கள் எல்லாரிடமும் உறுதி இருக்கிறது. விரதம் முடிந்த மறுநாள் கூட நிற்க ஆள்தான் இல்லை.

யோசித்துப் பாருங்கள், மாலை போடுவதே ஒரு நல்ல சிகிச்சைத் திட்டம் மாதிரிதான். ஆரம்பிக்கிற தேதி முன்னாலேயே குறித்தாயிற்று. ஊருக்கே தெரியும். 'சாமி' என்று கூப்பிடுகிறவர்கள் யாரும் நெருப்புப்பெட்டி நீட்ட மாட்டார்கள். காலையில் எழுவது முதல் ராத்திரி படுப்பது வரை அன்றாடமே மாறிவிடுகிறது. கூடவே குருசாமி ஒருவர். இத்தனையும் சேர்ந்துதான் அவரைத் தாங்குகிறது. மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. உடம்பில் நிக்கோட்டின் இல்லாத தவிப்பு முதல் வாரத்தில்தான் உச்சம். பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். ஆக, கஷ்டமான பகுதியை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். அவரைத் திரும்ப இழுப்பது டீ கிளாஸும், டிரிப் முடிந்த நேரமும், பக்கத்தில் நிற்கிற கூட்டாளியும்.

புகைப்பழக்கத்தை விடுவதற்கான சிகிச்சைத் திட்டங்கள் செய்கிற வேலை இதுதான். மாலையின் பலனை மண்டலத்துக்குப் பிறகும் நீட்டித்துக் கொடுக்கின்றன.

"அதெல்லாம் வேலைக்கு ஆகுமா சார்?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1980களின் பிற்பகுதியில் நுரையீரல் நல ஆய்வு என்று ஒன்று தொடங்கினார்கள். மூச்சுக்குழாய் லேசாக அடைபடத் தொடங்கியிருந்த, புகைக்கிற 5,887 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றவர்களுக்குப் பத்து வாரத் திட்டம்: மருத்துவர் உறுதியாகச் சொல்லும் அறிவுரை, 12 குழுக் கூட்டங்கள், நிக்கோட்டின் சூயிங்கம். ஐந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். திட்டம் எதுவும் இல்லாதவர்களில் தொடக்கம் முதலே விட்டு, அப்படியே நின்றவர்கள் நூற்றுக்கு 5 பேர். திட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 22 பேர். நான்கு மடங்கு.

இன்னும் கேளுங்கள். பதினான்கரை வருடம் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதற்குள் இறந்தவர்கள் 731 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள். திட்டத்தில் சேர்க்கப்பட்ட குழுவில் மொத்த இறப்பு விகிதம் மற்றக் குழுவைவிடத் தெளிவாகக் குறைவு. அந்தக் குழுவிலும் முக்கால்வாசிப் பேர் நிலையாக விடவில்லை என்பதைக் கவனியுங்கள். நூற்றில் இருபத்திரண்டு பேர் விட்டதற்கே குழு முழுவதின் கணக்கும் மாறிவிட்டது.

நுரையீரல் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன கணக்கு? இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளர் 1950இல் பிராட்ஃபோர்ட் ஹில்லோடு சேர்ந்து லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கேட்டு, சிகரெட்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். தன் ஆய்வின் முடிவைப் பார்த்துத் தானே சிகரெட்டை விட்டவர் அவர். அரை நூற்றாண்டு கழித்து, 2000இல், அவரும் ரிச்சர்ட் பீட்டோ முதலியவர்களும் வெளியிட்ட கணக்கு இது. பிரிட்டிஷ் ஆண்கள் நூறு பேர், வேறு நோயால் யாரும் இறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள்:

கடைசி வரை புகைத்தால் 16 பேர்.
60 வயதில் விட்டால் 10 பேர்.
50 வயதில் விட்டால் 6 பேர்.
40 வயதில் விட்டால் 3 பேர்.
30 வயதில் விட்டால் 2 பேர்.
புகைக்கவே இல்லையென்றால் ஒருவருக்கும் குறைவு.

இந்த வரிசையை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் படித்த கூட்டு வட்டி நினைவிருக்கிறதா? புகைக்கிற ஒவ்வொரு வருடமும் நுரையீரல் அணுக்களில் சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. ஆபத்து வட்டிக்கு வட்டி போல ஏறுகிறது. விட்ட நாளில் ஏற்கெனவே வாங்கிய கடன் முழுதும் தீராது. வட்டி ஏறுவது நிற்கும். விட்டுப் பத்து வருடம் ஆனவருக்கு, தொடர்ந்து புகைப்பவரைப் போல ஏறக்குறைய பாதி ஆபத்துதான். அதனால் 'சீக்கிரம் விட்டால் அதிக லாபம்' என்பதும் உண்மை, 'எப்போது விட்டாலும் லாபம்' என்பதும் உண்மை. அறுபது வயதுக்காரர், "இனி என்னத்த விட்டு?" என்று சொல்லக் கூடாது. பதினாறுக்கும் பத்துக்கும் நடுவில் ஆறு குடும்பங்கள் இருக்கின்றன.

நோய் வந்த பிறகு கூட விடுவது வீண் இல்லை. மாஸ்கோவில் ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட, புகைக்கிற 517 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது. நோய் தெரிந்த பின் விட்டவர்கள், விடாதவர்களைவிடச் சராசரிக் கணக்கில் ஒன்றே முக்கால் வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்கப் போய், "வந்தது வந்துட்டு, ஆசைப்பட்டதப் பிடிக்கட்டும்" என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் தம்பி நாற்பது வயதில் விட்டிருந்தால் பிழைத்திருப்பானா? சொல்ல மாட்டேன். நூறு பேரைப் பற்றிய கணக்கு ஒருவனைப் பற்றிப் பேசாது. புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆகவே யாருக்காவது இந்த நோய் என்று கேள்விப்பட்டதும், "சிகரெட் பிடிப்பாரோ?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். ஆனால் பதினாறிலிருந்து மூன்றுக்கு இறங்குகிற வழி ஒன்று இருந்தது, அவன் என்னிடம் கேட்டான், என்னிடம் விடை இல்லை. அது மட்டும் உறுதி.

அதே கணக்கில்தான் நீங்கள் சொல்லப்போகும் தாத்தாவும் இருக்கிறார். "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரை சுருட்டு பிடிச்சார் சார், ஒண்ணும் ஆகல." இருக்கலாம். பதினாறு பேர் போக மீதி எண்பத்து நான்கு. தாத்தா அதில் ஒருவர். அந்த எண்பத்து நாலிலும் மாரடைப்பும் பக்கவாதமும் மூச்சுத்திணறலும் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பது தனிக் கணக்கு. போனவர்கள் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள். இருப்பவர்களை மட்டும் வைத்து விகிதம் போடக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்.

பீடி சிகரெட்டைவிட நல்லது என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதுவும் தவறு. பீடி அணையாமல் இருக்க இன்னும் பலமாக, அடிக்கடி இழுக்க வேண்டும்; அதுவும் நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவருகிறது. உங்களில் பலருடைய பள்ளிக்கூடச் செலவு அம்மா சுற்றிய பீடியில்தான் வந்தது. அந்தக் கைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த அம்மாக்களும் பிள்ளைகள் பீடி பிடிக்க வேண்டும் என்று சுற்றவில்லை.

சரி, 'எப்படி' என்பதற்கு வருகிறேன். தம்பிக்குச் சொல்ல வேண்டிய விடை.

நம் நாட்டில் 2002இல் புகையிலைப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சை மையங்கள் 13 இடங்களில் தொடங்கப்பட்டன. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று. தம்பிக்கு அப்போது 49 வயது. எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. இன்று பல மருத்துவக் கல்லூரிகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இத்தகைய மையங்கள் இருக்கின்றன. அங்கே போக முடியாதவர்களுக்கு 2016 முதல் மத்திய அரசின் இலவசத் தொலைபேசி உதவி எண் இருக்கிறது: 1800-11-2356. முதலில் டெல்லியில் இருந்து மட்டும் நடந்தது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட இடங்களுக்கும் விரிந்தது. தமிழிலேயே பேசலாம்.

2018 செப்டம்பர் முதல் சிகரெட், பீடிப் பாக்கெட்டுகளில் அந்தப் பயங்கரப் படத்தோடு இந்த எண்ணும் அச்சாகிறது. ஆனால் நம் ஊரில் பாக்கெட்டாக வாங்குகிறவர் எத்தனை பேர்? பெட்டிக்கடையில் ஒன்று வாங்கி, தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போகிறார்கள். எண் கடைக்காரரிடமே நின்றுவிடுகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மாணவனை அன்றைக்கே என் திண்ணையில் உட்கார வைத்து அந்த எண்ணைப் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். எதிர்முனையில் பேசியவர் அறிவுரையே சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை? காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? (அரை மணிக்குள் என்றால் பிடிமானம் அதிகமாம்.) எந்தெந்த நேரத்தில் கை போகிறது? இதுவரை விட்டபோது எது திரும்ப இழுத்தது? கடைசியில் விடுகிற தேதியை இவனையே சொல்லச் சொன்னார். தை மாத நடுவில் ஒரு நாளைச் சொன்னான். அந்த நாளிலும் அதற்குப் பிறகும் அவர்களே கூப்பிட்டார்கள்.

ஒரு மருத்துவரையும் பார்த்தான். நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக்கொடுத்தார். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாகக் கடித்து, காரம் மாதிரி சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். "புகையிலைய விட்டுட்டு நிக்கோட்டினையே மெல்லச் சொல்றாங்களே" என்று அவன் மனைவிக்குச் சந்தேகம். அடிமைப்படுத்துவது நிக்கோட்டின், புற்றுநோயைக் கொண்டுவருவது முக்கியமாகப் புகையில் இருக்கிற மற்ற நச்சுகள். தவிப்பைச் சமாளிக்கக் கொஞ்ச நாள் மருந்தாகக் கொடுத்து, பிறகு அதையும் குறைக்கிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளும் உண்டு. யாருக்கு எது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆறாவது வாரம், மாசியில் மகள் கல்யாணம். ராத்திரி பந்தல் பின்னால் சம்பந்தி வீட்டார் நீட்டியதை வாங்கி ஒன்று பிடித்துவிட்டான். மறுநாள் என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு அந்த எண்ணுக்கே போன் போட்டிருக்கிறான். நான் என்றால் திட்டியிருப்பேன். அவர்கள், "அந்த நேரத்தில் என்ன நடந்தது? அடுத்த விசேஷத்தில் அந்த இடத்தில் என்ன செய்யலாம்?" என்று கேட்டார்களாம். ஒன்று பிடித்ததால் ஆறு வாரமும் அழிந்துவிடாது என்று சொன்னார்களாம். இப்போது ஐந்தாவது மாதம் ஓடுகிறது. ஜெயித்துவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். இன்றைக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

போன வாரம் மே 31 அன்று உங்களில் பலர் புகையிலை ஒழிப்பு நாள் படங்களைப் பகிர்ந்தீர்கள். மண்டை ஓடு, கருத்த நுரையீரல். புகைப்பவருக்கு அது தெரியாதா? 2016-17இல் எடுத்த இந்திய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கு மேல் விட வேண்டும் என்ற நினைப்போடுதான் இருந்தார்கள். பயம் போதுமான அளவு இருக்கிறது. வழிதான் தெரியவில்லை.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன்.

மருத்துவர்களாக இருக்கும் மாணவர்களே, காய்ச்சலுக்கு வந்தவரிடமும் "புகைப்பீங்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் "விடுங்க" என்பதோடு முடிக்காமல் எண்ணை எழுதிக் கொடுத்து, எங்கே போக வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கம்பெனி, கடை, பட்டறை நடத்துகிறவர்களே, ஆலோசனைக்குப் போகிற ஆளுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்காதீர்கள்.

ஆசிரியர்களாக இருப்பவர்களே, கழிப்பறைக்குப் பின்னால் பிடிபடுகிற பையனை அடித்துத் துரத்தாதீர்கள். நான் செய்திருக்கிறேன். அடி வாங்கியவர்களில் சிலர் இன்றும் பிடிக்கிறார்கள். அவர்களிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுப் பெண்களே, மருமக்களே, திட்டுவதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். "எந்த நேரத்துல ரொம்பத் தோணுது?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் கூட இருங்கள். அந்தத் தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான்.

புகைக்கிறவர்களே, உங்களைக் கோழை என்று சொன்ன பெரியவர்களில் நானும் ஒருவன். தப்பு என்னுடையது. ஒரு தேதி குறியுங்கள். 1800-11-2356க்குப் போன் போடுங்கள். கூப்பிடத் தயக்கமாக இருந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள், சேர்ந்து கூப்பிடுவோம். வரும் கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள், மாலையைக் கழற்றுகிற நாளுக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். மறுநாளுக்கு ஆள் இருக்கட்டும்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு விடை எழுத எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் பிள்ளைகள் இதை வாசிப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்